பழைய கம்பெனி டிஸ்க்கை இரும்பு விலைக்குத் தள்ளிவிடும் தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியின் பின்சக்கர டிஸ்க்கும் (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்), மதுரைக்குள்ளேயே ஓடிய வண்டியின் டிஸ்க்கும் ஒரே வருடத்தில் வந்தவையாக இருந்தாலும் ஒரே விலைக்குப் போகாது. ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராகப் பின்சக்கரத்தில்தான் விழுகிறது. வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களில் லோடு எடுக்கும் லாரிகளுக்கு உப்புத் தூளே இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் போய் அடைகிறது. இதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் உப்பு கெடுத்ததைவிட, விற்கிறவர் கடைசி ஒரு வாரத்தில் செய்கிற வேலையால் கெடுவதுதான் பல நேரம் அதிகம்.

கம்பெனி டிஸ்க்குக்கு, அதாவது வண்டியோடு வந்த டிஸ்க்குக்கு, அடிப்படையில் இரண்டு விலைதான். மாட்டி ஓட்டலாம் என்றால் ஒரு விலை. முடியாது என்றால் கிலோ விலை. 22.5 இன்ச் இரும்பு டிஸ்க் ஒன்று சுமார் 40 கிலோ இருக்கும். அன்றைய பழைய இரும்பு விலையை அதோடு பெருக்கினால் வருவது அடிவிலை. அதே டிஸ்க் புதிதாக என்ன விலை என்பது மேல்விலை. பேரம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வாங்க வருபவருக்குச் சந்தேகம் ஒன்று விழுந்தால் போதும், பேச்சு அடிவிலைப் பக்கம் சாய்ந்துவிடும்.

பெயின்ட் அடித்துக் கொண்டுவருவது

அதிகம் நடக்கும் தவறு இது. துருப்பிடித்த டிஸ்க்கைக் கம்பி பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தேய்த்து, சில்வர் பெயின்டை இரண்டு கோட் தடவிக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். பள்ளம் இருந்தால் பட்டி வைத்து மூடுவதும் உண்டு. விவரம் தெரிந்தவர் பளபளப்பைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கைக் கவிழ்த்து, நட் துளையின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுவார். பெயின்ட் செதிலாக உரிந்து அடியில் பொருக்குத் துரு தெரிந்தால், மீதி மூன்று டிஸ்க்கையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

இது வெறும் அவநம்பிக்கை இல்லை, காரணம் இருக்கிறது. டிஸ்க் ஹப்பின் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) மேல் உட்காரும் முகத்திலும் நட் உட்காரும் குழியிலும் தடித்த பெயின்ட் இருந்தால், நட்டை முறுக்கும்போது பிடி இறுகினமாதிரி தெரியும். லோடு ஏற்றி ஓடியதும் அந்தப் பெயின்ட் நசுங்கி இடம் கொடுக்கும், நட் தளரும். தளர்ந்த நட்டோடு ஓடினால் துளை நீள்வட்டமாகத் தேயும், நட் ஏறும் ஸ்டட் முறியும், சக்கரமே கழன்று போகும். பொருக்குத் துருவும் இதே வேலையைச் செய்யும்.

பெயின்ட் அடிக்கவே கூடாது என்பதில்லை. முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடற்கரை ஊர்களில் பல போர்வெல்களில் வருவது உவர்த் தண்ணீர். அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் போட்ட கதைதான். குடிதண்ணீர்க் குழாயில் இரண்டு குடம் பிடித்து, கை ஓட்டைகள் (டிஸ்க்கில் சுற்றிலும் இருக்கும் பெரிய ஓட்டைகள்), வெல்டு மடிப்பு, வால்வு துளை மூன்றிலும் ஊற்றித் தேய்த்து, ஒரு பகல் வெயிலில் காயவிடுங்கள். பிறகு கம்பி பிரஷ், 80 நம்பர் எமரி, பிரைமர் ஒரு கோட், பெயின்ட் ஒரு கோட். ஹப் முகத்தையும் நட் குழிகளையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் மெல்லிய பிரைமருக்கு மேல் எதுவும் வேண்டாம். வெளிப்பக்கத் துரு மட்டும்தான் என்றால் பெயின்டே அடிக்காமல் கொடுப்பது இன்னும் நல்லது. அடிக்காத டிஸ்க்கில் மறைக்க ஒன்றும் இல்லை என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

அளவைக் கண்ணால் சொல்வது

"பதினாறு இன்ச், ஆறு போல்ட், பிக்கப்புக்குச் சேரும்" என்று சொல்லி விற்று, மறுநாள் திரும்பி வரும் டிஸ்க்குகள் ஏராளம். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டுக்கும் ஆறு துளை, துளை வட்டம் (துளைகளின் மையம் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ. ஆனால் நடுத்துளை ஹைலக்ஸில் சுமார் 106, இசுசுவில் சுமார் 100. இசுசு டிஸ்க் ஹைலக்ஸ் ஹப்பில் ஏறவே ஏறாது. ஹைலக்ஸ் டிஸ்க் இசுசுவில் ஏறும். ஆனால் ஹப் தாங்காமல் ஆடி உட்காரும், மையம் பிசகினால் ஸ்டீயரிங் உதறும். துளை எண்ணிக்கையை மட்டும் நம்பியதால் வரும் வினை இது.

எடுக்க வேண்டிய அளவுகள் நான்கு. முதலில் துளை வட்டம். 4, 6, 8, 10 துளை என்றால் எதிரெதிர்த் துளைகளில் ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்புவரை அளந்தால் போதும், அதுவே மையத்துக்கு மையம். 5 துளைக்கு எதிர்த்துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை 1.7ஆல் பெருக்குங்கள். 82 மி.மீ. வந்தால் அது 139.7 வட்டம். பெரிய லாரிகளில் 10 துளை, 335 வட்டம், நடுத்துளை 281 என்பது பரவலான அளவு. 8 துளையில் 275 வட்டம், 221 நடுத்துளை.

இரண்டாவது நடுத்துளை. மூன்றாவது ரிம் அகலம். டேப்பை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்குப் பிடித்து 8 இன்ச் என்று எழுதுவார்கள், அது பெரும்பாலும் 7 இன்ச் டிஸ்க்காகத்தான் இருக்கும். டயர் பீடு (டயரின் உள் விளிம்பு) உட்காரும் இரண்டு சுவருக்கு இடைப்பட்ட உள் அளவுதான் கணக்கு. நான்காவது ஆஃப்செட், அதாவது ஹப் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. இரட்டைச் சக்கர லாரியில் இது குறைந்தால் இரண்டு டயரும் ஒன்றோடொன்று உரசும்.

இவற்றில் பாதி டிஸ்க்கிலேயே அடித்திருக்கும்: அளவு, ஆஃப்செட், தயாரித்த மாதம் அல்லது வாரம், செய்த கம்பெனியின் முத்திரை, புதியவற்றில் ஐஎஸ்ஐ குறி. பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா மாதிரி கம்பெனிகள் செய்து வண்டிக் கம்பெனிக்குக் கொடுத்த டிஸ்க் என்பதற்கு இந்த எழுத்துதான் சாட்சி. சுத்தம் செய்கிறேன் என்று கிரைண்டர் போட்டு இதை அழித்துவிட்டால் "கம்பெனி டிஸ்க்" என்ற வார்த்தைக்கு ஆதாரம் போய்விட்டது. மங்கலாக இருந்தால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து எழும்பும். அதைப் போட்டோ எடுங்கள். முன்பக்கம் நான்கு கோணத்தில் எடுப்பதைவிட, பின்பக்கம் ஒன்று, ஹப் முகம் ஒன்று, முத்திரை ஒன்று அனுப்பினால் வெட்டிப் பேச்சு பாதி குறையும்.

விரிசலை வெல்டு வைப்பது

டிஸ்க் விரிசல் விடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: நட் துளைகளுக்கு நடுவே, கை ஓட்டையின் மூலையில், டிஸ்க்கும் ரிம்மும் சேரும் வெல்டு ஓரத்தில். துடைத்த பிறகும் ஒரே கோட்டில் துருத் தண்ணீர் கசிந்தமாதிரி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். டீசலைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் நன்றாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, காயத் துடைத்து, சாக்பீஸ் பொடி தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் ஊறி வந்து வெள்ளையில் கோடு போடும். விற்பதற்கு முன் இதை நீங்களே செய்துவிடுவது நல்லது.

விரிசல் இருந்தால் பட்டறையில் வெல்டு வைத்து விற்பது தவறு, விலைக்கணக்கிலும் தவறு. வெல்டு வைத்த இடத்தின் பக்கத்திலேயே மறுபடி விரியும். வெல்டுத் தழும்பைப் பார்த்த வியாபாரி எடைத் தராசைத்தான் காட்டுவார். டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் வெல்டிங்கோ கேஸ் சூடோ காட்டவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் கூடாது. உள்ளே ரப்பர் சூடாகி வாயு சேர்ந்து டயர் வெடிக்கும். பட்டறைகளில் உயிர் போனது இப்படித்தான். உப்பு பிடித்து இறுகிய நட்டைக் கழற்ற கேஸ் காட்டுவதும் இதே ஆபத்து. துரு இளக்கும் ஆயிலை முந்தின நாள் இரவே ஊற்றி வைத்து, நீளப் பைப் போட்ட ஸ்பேனரால் கழற்றுங்கள். நட்டே போனாலும் டிஸ்க் பிழைக்கும்.

20 இன்ச் டியூப் டயர் டிஸ்க் என்றால், டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் லாக் ரிங்கோடு சேர்ந்துதான் அதற்கு விலை. ரிங் தொலைந்துபோய் வேறு கம்பெனி ரிங்கைப் பொருத்திக் கொடுப்பவர்கள் உண்டு. பார்வைக்குப் பொருந்தும், காற்று ஏறும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும். ரிங் உட்காரும் பள்ளத்தில் துரு தின்றிருந்தாலும் அப்படித்தான். பள்ளத்தைச் சுரண்டிப் பார்த்து, விளிம்பு கூர்மையாக நிற்கிறதா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் அது ஓடுகிற டிஸ்க் இல்லை. புது லாரிகள் டியூப்லெஸ்ஸில் வருவதால் 20 இன்ச்சுக்குக் கேட்பவர்கள் குறைந்துவருகிறார்கள். ரிங் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் அர்த்தமில்லை.

டியூப்லெஸ் டிஸ்க்கில் பார்க்க வேண்டிய இடம் வேறு. பீடு உட்காரும் சரிவில் உப்பு குழிகுழியாக அரித்திருந்தால் காற்று நிற்காது, இரவுக்கு இரவு இறங்கும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிய அன்றே அந்தச் சரிவைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். டயரோடு சேர்த்து விற்றால் இதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைப்பவர், ஒரு வாரத்தில் வரும் போனுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அலாய் வீல்

பிக்கப் வாங்கிய மாதமே கம்பெனி அலாயைக் கழற்றிவிட்டு அகலமான வெளி அலாய் மாட்டும் பழக்கம் இங்கும் வந்துவிட்டது. கழற்றிய செட்டை ஆசிட் போட்டுக் கழுவுவது முதல் கேடு. ஆசிட் மேல்பூச்சை அரிக்கும். அரித்த இடத்தில் உப்புக் காற்று நுழைந்து, பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்தமாதிரி கோடுகள் ஓடும். ஷாம்பூவும் மெல்லிய துணியும் போதும். நெளிந்த விளிம்பைக் கேஸ் காட்டித் தட்டி நிமிர்த்துவது இரண்டாவது கேடு. அலாய்க்கு வலுவே கம்பெனியில் கொடுத்த வெப்பப் பதம்தான், சூடு காட்டிய இடத்தில் அது போய்விடும். ஒரு வீல் நெளிந்திருந்தால் மூன்று நல்லது, ஒன்று நெளிவு என்று சொல்லியே விற்கலாம். அதேமாதிரி ஒன்று அடிபட்டுத் தேடிக்கொண்டிருப்பவர் தனி வீலுக்கே நல்ல விலை கொடுப்பார்.

நட்டும் நடு மூடியும் செட்டோடு போக வேண்டும். அலாய் நட்டின் உட்காரும் வடிவமும் இரும்பு டிஸ்க் நட்டின் வடிவமும் பல வண்டிகளில் வேறு. மூடிகளைக் குழந்தைகள் விளையாட விட்டுவிட்டுப் பிறகு தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போகும்.

கிலோக் கணக்கில் கொடுப்பதானாலும் அலாயை இரும்போடு கலந்து தராசில் ஏற்றாதீர்கள். அலுமினிய விலை தனி, இரும்பைவிட அதிகம்.

நேரமும் காகிதமும்

கம்பெனி செட்டைக் கழற்றிய மறுநாளே விற்பது அவசரப்பட்டுச் செய்கிற தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. லோடு வண்டிக்கு எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) உண்டு. வெளியே துருத்தும் சக்கரத்தோடு போனால் பழைய டிஸ்க்கை மாட்டிக்கொண்டு வா என்பார்கள். அப்போது தேடி அலைபவர்கள்தான் உங்கள் செட்டுக்கு நல்ல வாடிக்கை. வண்டியை விற்கும்போதும் ஒரிஜினல் செட் கூட இருந்தால் வண்டி விலையே கூடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நிற்கும்போது மீன் வண்டியும் நிற்கும், கையில் காசு குறையும், விற்க நினைப்பவர்கள் கூடுவார்கள். அப்போது விற்பதைவிட, தடை முடியப்போகிறது என்று வண்டிகளைத் தயார் செய்யும் ஜூன் முதல் வாரத்தில் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை டிஸ்க்கை மணலில் படுக்கவைக்காதீர்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடவும் கூடாது, உள்ளே வேர்த்தே துருவேறும். பலகைமேல் அடுக்கி, ஹப் முகத்தில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி, காற்று போகும் கூரைக்கடியில் வையுங்கள். பீடு சரிவில் கிரீஸ் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது.

டயரோடு விற்றால் டயருக்குத் தனியாக விலை பேசுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3522 என்றால் 2022ஆம் வருடம் 35ஆவது வாரம். டிஸ்க் நன்றாக இருந்து டயர் வெடிப்பு விட்டிருந்தால் கழற்றிவிட்டுக் கொடுப்பதே மேல். கிழ டயர் நல்ல டிஸ்க்கின் விலையையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்டெப்னி திருட்டு நடக்கும் தொழில் இது. ஆர்சி நகல் ஒன்று, டிஸ்க் முத்திரை எண்களோடு கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தால் வெளியூர் வியாபாரியும் தயங்காமல் வாங்குவார். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். இரண்டு டிஸ்க்குக்கு வண்டி வைத்தால் கூலியே தின்றுவிடும். ராமநாதபுரம், பரமக்குடியில் முதலில் கேட்டுவிட்டு, ஒரு செட்டாவது சேர்ந்தபிறகு மதுரைக்கு ஏற்றுங்கள்.

விரிசல் கண்ட டிஸ்க்கை எடைக்குப் போடுவதென்று முடிவானால், டயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரிம்மை ஒரு இடத்தில் கேஸால் வெட்டிக் கொடுங்கள். முழுசாகப் போனால் இரும்புக் கடையிலிருந்து பெயின்ட் அடித்துக்கொண்டு அது திரும்பவும் ரோட்டுக்கு வந்துவிடும்.