எழுத்தாளரோடு ஒரு பந்தி: வாசகர் மதியச் சாப்பாடு நடத்துவது எப்படி?

லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் ஃபாய்ல்ஸ் என்றொரு புகழ்பெற்ற புத்தகக் கடை உண்டு. அதைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான வில்லியம் ஃபாய்லின் மகள் கிறிஸ்டினா, 1930இல், 19 வயதில், ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். வாசகர்கள் கட்டணம் கட்டி மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுத்தாளர்கள் எழுந்து தங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். பெர்னார்ட் ஷா, எச்.ஜி. வெல்ஸ் போன்றவர்களை வாசகர்கள் நேரில் பார்த்தது அப்படித்தான்.

நம் ஊரில் இதைச் செய்யப் பெரிய ஹோட்டல் வேண்டியதில்லை, நமக்குத்தான் பந்தி இருக்கிறதே. எழுதியவரும் படித்தவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட முடியும். எங்கள் வாசகர் வட்டத்தில் சில முறை நடத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டதை, முதல்முறையாக நடத்த நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. புத்தகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எழுத்தாளரை முடிவு செய்துவிட்டுப் புத்தகத்தைத் தேடாதீர்கள். வந்து குறைந்தது 6 மாதமாவது ஆன புத்தகமாக இருக்கட்டும். நூல் வெளியீட்டு விழாவில் மேடையில் இருக்கும் இரண்டு பேர்தான் படித்திருப்பார்கள். கீழே இருக்கும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதனால் அங்கே பாராட்டுரை மட்டுமே சாத்தியம். இங்கே எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள், கதையின் முடிவைப் பற்றிக்கூட மறைக்காமல் பேசலாம். மதியச் சாப்பாட்டின் உயிரே அதுதான்.

எனவே, இரண்டு மாதம் முன்பே பதிப்பகத்தாரிடம் பேசி, 30 பிரதி மொத்தமாக வாங்குங்கள். மொத்தமாக எடுத்தால் பெரும்பாலும் விலை குறைத்துத் தருவார்கள். பெயர் கொடுப்பவர்களிடம் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்கி, அன்றே புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பணம் கட்டி, புத்தகமும் வீட்டில் இருந்தால் படித்துவிடுவார்கள்.

2. தேதி

முகூர்த்த நாள் வேண்டவே வேண்டாம். மண்டபம் கிடைக்காது, சமையல் மாஸ்டர் கிடைக்க மாட்டார், வாழை இலை விலை ஏறியிருக்கும். ஆடி மாத ஞாயிறு அருமையான நாள். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் அந்தச் சமயத்தில் சென்னைப் புத்தகக் காட்சி வேலைகளில் எழுத்தாளர்கள் அலைந்துகொண்டிருப்பார்கள்.

3. எழுத்தாளரை அழைத்தல்

போனில் பேசும்போதே நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நேரம் பேச வேண்டும், போகவர டிக்கெட்டும் தங்குமிடமும் யார் பொறுப்பு, சன்மானம் எவ்வளவு. சன்மானம் சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் கட்டாயம் கொடுங்கள். சமையல்காரருக்கும் இலைக்காரருக்கும் கணக்காகக் கொடுத்துவிட்டு, யாருக்காக அத்தனை பேரும் கூடினோமோ அவரை வெறும் கையோடு அனுப்புவது நியாயமே இல்லை.

அப்புறம், சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். சர்க்கரை உண்டா, காரம் ஆகுமா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டுப் பழக்கம் என்று கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மூத்த எழுத்தாளர் என்றால் இதைக் கேட்காமல் விடவே கூடாது.

4. நேரம்: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

அதிகம் யோசிக்க வேண்டியது இதைத்தான். எங்கள் முதல் கூட்டத்தில் லண்டன் முறைப்படி சாப்பாட்டை முன்னால் வைத்தோம். வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு. 2 மணிக்கு எழுத்தாளர் பேச எழுந்தபோது பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிட்டது. அவரும் அதைக் கவனித்து, 15 நிமிடத்தில் முடித்துக்கொண்டார். இரவுப் பயணம் செய்து வந்தவர். இன்று நினைத்தாலும் மனம் சங்கடப்படுகிறது.

அடுத்த முறை மாற்றினோம். இப்போது வரை இதே வரிசைதான்: 11 மணிக்கு எழுத்தாளர் பேச்சு, 40 நிமிடம். அதன்பின் அவரே தன் புத்தகத்திலிருந்து இரண்டு மூன்று பக்கம் வாசிப்பார். 12.15க்குப் பந்தி. 1.30க்கு எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, வட்டமாக நாற்காலி போட்டுக் கேள்வி நேரம். 3 மணிக்கு முடிவு. பேச்சைக் கேட்கத்தான் தூக்கம் வருகிறது, தானே வாய் திறந்து பேசுகிறவருக்கு வருவதில்லை. அதனால் கேள்வி நேரம் சாப்பாட்டுக்குப் பின்னால் இருப்பதே சரி.

வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். எழுத்தாளரை இரண்டு வாக்கியத்தில் அறிமுகப்படுத்திவிட்டு உட்காருங்கள். பொன்னாடைக் காசில் ஊர் நூலகத்துக்கு அவருடைய புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.

5. இடமும் சாப்பாடும்

30 பேருக்கு மேல் போகாதீர்கள். சின்னக் கூடம் போதும், மைக்கே தேவைப்படாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சமைக்கும் இடம் கூடத்தை ஒட்டி இருக்கக் கூடாது. பாத்திரச் சத்தம் வரும், தாளிக்கும் வாசனை வரும், அதற்குமேல் யார் காதிலும் பேச்சு ஏறாது.

சைவச் சாப்பாடு எல்லோருக்கும் பொது. சாதம், சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம், கொஞ்சமாகப் பாயசம். 1 கிலோ அரிசி 7 அல்லது 8 பேருக்கு வரும் என்பது கணக்கு, 30 பேருக்கு 4 கிலோ தாராளம். பஃபே வேண்டாம். தட்டோடு நின்றுகொண்டு சாப்பிட்டால் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு ஒதுங்கிவிடுவார்கள்.

6. பந்தியில் யார் எங்கே?

இதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்யுங்கள். எழுத்தாளரின் இரண்டு பக்கமும் உள்ளூர்ப் பிரமுகரை உட்கார வைக்காதீர்கள். புத்தகத்தை ஊன்றிப் படித்திருந்தும் கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர் ஒருவர் எல்லா வட்டத்திலும் இருப்பார். அவருக்குத்தான் அந்த இடம். எங்கள் கூட்டம் ஒன்றில் அப்படி ஒரு அம்மாவை உட்கார வைத்தோம். ரசம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நாவலில் வரும் ஒரு கிணற்றைப் பற்றி ஏதோ மெதுவாகக் கேட்டார். எழுத்தாளர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தன் பாட்டி வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மேடையில் அவர் சொல்லாத கதை அது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட வாளியோடு நின்று கேட்டார்.

7. கேள்வி நேரம்

காலையிலேயே ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கேள்வியோடு பக்க எண்ணும் எழுதச் சொல்லுங்கள். பக்க எண் கேட்டாலே கேள்வி புத்தகத்துக்குள் வந்துவிடும். இல்லையென்றால் "எழுத்தாளர் ஆக என்ன செய்ய வேண்டும்?" என்பதிலேயே நேரம் போய்விடும். காபி நேரத்தில் சீட்டுகளை வாங்கிப் பார்த்து, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து அடுக்குங்கள். பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கும் சீட்டை ஒளிக்க வேண்டாம். மரியாதையான வார்த்தையில் இருந்தால் அப்படியே வாசியுங்கள். படித்துவிட்டுச் சொல்லும் குறையைக் கேட்க நல்ல எழுத்தாளர் தயங்குவதில்லை.

கையெழுத்துப் போடுவதைக் கடைசியில் வையுங்கள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவருடைய மற்ற புத்தகங்களும் ஒரு மேசையில் விற்பனைக்கு இருக்கட்டும்.

எல்லோருடைய கேள்விக்கும் நேரம் இருக்காது. வாசிக்காமல் விட்ட சீட்டுகளை ஒரு கவரில் போட்டு, ரயில் ஏற்றிவிடும்போது எழுத்தாளர் கையில் கொடுத்துவிடுங்கள். சீட்டின் பின்பக்கம் எழுதியவரின் முகவரி இருந்தால், சில நாள் கழித்து ஒரு கார்டு வந்தாலும் வரும். எங்களுக்கு வந்திருக்கிறது.