கங்கா தலாவ் மேட்டில் மின்மிதிவண்டிப் பயணம்: வழிகாட்டியுடன் செல்வோருக்குச் சில குறிப்புகள்

மொரிசியசுக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் கங்கா தலாவ் என்னும் புனித ஏரிக்கு வேனில் வந்து இறங்கி, அரைமணி நேரத்தில் வழிபாட்டை முடித்துக்கொண்டு மறுபடியும் கடற்கரைக்கே திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் குடும்பங்களிலும் வழக்கம் ஏறக்குறைய இதுதான். ஆனால் அந்த ஏரிக்கும், அதற்கு வடக்கே இருக்கும் மார் ஓ வாக்கோவா நீர்த்தேக்கத்துக்கும், கிழக்கே இருக்கும் புவா செரி தேயிலைத் தோட்டத்துக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம் வேனின் கண்ணாடி வழியாகப் பார்க்கத்தக்கது அன்று. பைன் மரங்களின் மணமும், சாலையைக் கடந்து போகும் மூடுபனியும், நீரின் மேலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் உடம்பில் படவேண்டும். நடந்து பார்க்கத் தூரம் அதிகம். சாதாரண மிதிவண்டியில் ஏறிப் பார்க்க எல்லோருக்கும் தெம்பு போதாது. மின்மிதிவண்டி இந்த இரண்டுக்கும் நடுவே சரியாக வந்து பொருந்துகிறது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். மின்மிதிவண்டி என்பது மின்சார ஸ்கூட்டர் அன்று. நீங்கள் மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும்; மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஐரோப்பிய விதிப்படி செய்யப்பட்ட வண்டிகளில் மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்; மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அதன் உதவி தானாக விலகிக்கொள்ளும். அதற்கு மேல் போவதெல்லாம் உங்கள் காலின் பலம் அல்லது இறக்கத்தின் பலம். மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த என் சித்தி, அறுபது வயதைக் கடந்தவர், முப்பது ஆண்டுகளாக மிதிவண்டியைத் தொடாதவர், முதல் ஏற்றத்தில் ஏறியதும் திரும்பிப் பார்த்து, "தம்பி, எதிர்க்காத்துல எங்க அப்பா பின்னால கை வச்சுத் தள்ளிக்கிட்டே வருவாரு பாரு, அப்படியே இருக்கு" என்றார். இதைவிடத் தெளிவாக அந்த வண்டியை விளக்க எனக்குத் தெரியாது.

பயணத்தைப் பதிவு செய்வதற்கு முன் நடத்துபவரிடம் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும், அதுவும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், புறப்பட்ட இடத்துக்கே மிதித்துத் திரும்ப வேண்டுமா அல்லது முடிவிடத்தில் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளுமா, நடுவழியில் பேட்டரி தீர்ந்தாலோ டயர் பஞ்சரானாலோ என்ன ஏற்பாடு, உங்கள் உயரத்துக்கு ஏற்ற அளவில் வண்டி இருக்கிறதா என்பவையே முக்கியமானவை. என் கருத்தில், எட்டுப் பேருக்கு மேல் ஒரே வழிகாட்டி என்றால் அந்தப் பயணத்தைத் தவிர்த்துவிடலாம். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கும்போது கடைசி ஆள் வளைவுக்கு அப்பால் மறைந்திருப்பார். காட்டுக்குள் செல்லும் மண்பாதைகளில் போவதானால், அங்கே செல்ல அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மான் வேட்டைக் காலம் என்பதால் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அன்று.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கடற்கரையின் வானிலையை நம்பி ஏமாறக்கூடாது. கிராங் பே கடற்கரையில் வெயில் கொளுத்தும் அதே நேரத்தில், கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மேட்டில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து இந்த மேட்டில்தான் இறக்கிவைக்கிறது; தீவிலேயே மழை மிகுந்த பகுதி இதுவே. அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஒப்பளவில் உலர்ந்தவை, பயணத்துக்கு மிகவும் உகந்தவை. இந்தத் தீவின் கோடையில், அதாவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, புயல் எச்சரிக்கை முதல் நிலையை எட்டிவிட்டால், வானம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மகா சிவராத்திரிக்கு முந்தைய வாரத்தில் இலட்சக்கணக்கான அடியார்கள் கான்வர் என்னும் காவடி சுமந்து கால்நடையாக இந்தச் சாலைகளில்தான் வருகிறார்கள். அந்த நாட்களில் சாலை அவர்களுடையது, மிதிவண்டிக்கு அங்கே இடமில்லை.

உடையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மெல்லிய மழைச்சட்டை ஒன்று, அதற்குள் ஒரு கம்பளிச்சட்டை, நழுவாத மூடிய காலணி, கையுறை, மாற்றுக் காலுறை ஆகியவை போதும். சேலையோ துப்பட்டாவோ வேண்டாம். அகலமான கால்சட்டை அணிந்தால் சங்கிலிப் பக்கத்துக் காலை ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய கால்மணி நேரம்தான் முழுப் பயணத்தையும் தீர்மானிக்கிறது. இருக்கையின் உயரத்தைச் சரிபார்க்க, இருக்கையில் அமர்ந்து குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அதைக் கீழே இறக்குங்கள். கால் நேராக நிற்கவேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும் என்பதால் முழங்கால் அப்போது தானாகச் சற்றே மடங்கும். அடுத்து, எந்தப் பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்று கேளுங்கள். தமிழ்நாட்டு மிதிவண்டிகளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். பிரான்சு நாட்டு வழக்கப்படி பொருத்தப்பட்ட வண்டிகளில் இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. இந்த வேறுபாட்டை அறியாமல் இறக்கத்தில் பதற்றத்தோடு ஒரு கையை மட்டும் இறுக்கினால், முன்சக்கரம் நின்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும். வண்டியின் எடை இருபது முதல் இருபத்தைந்து கிலோ வரை இருக்கும், நிற்க அதிக தூரமும் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் அமரவேண்டும்.

திரையில் பேட்டரியின் அளவை நீங்களே பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் போன ஒரு பயணத்தில், எனக்குக் கொடுக்கப்பட்ட வண்டியில் ஐந்து கோடுகளில் மூன்றுதான் எரிந்துகொண்டிருந்தன. நடத்தியவர் "இதுவே போதும்" என்று சொன்னதை நம்பிப் புறப்பட்டேன். எதிர்க்காற்றில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்து, ஏரிக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் கடைசிக் கோடும் போயிற்று. உயிரற்ற அந்த இரும்பை மழையில் தள்ளிக்கொண்டு போன அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, முழுமையாக மின்னேற்றப்படாத வண்டியை நான் ஏற்பதே இல்லை.

பேட்டரியை எப்படிச் செலவிடுவது என்பதே இந்தப் பயணத்தின் கலை. பெரும்பாலான வண்டிகளில் எக்கோ, டூர், ஸ்போர்ட், டர்போ என்று குறைவிலிருந்து மிகுதி வரை உதவியின் படிகள் இருக்கும். டர்போவில் மின்சாரம் எக்கோவைப்போல இரண்டு மூன்று மடங்கு செலவாகும். ஆகவே சமவெளியில் எக்கோவிலும், மெல்லிய ஏற்றத்தில் டூரிலும் செல்லுங்கள். டர்போவை அவசரத்துக்கு வைக்கும் சில்லறைக் காசுபோல முடிந்துவையுங்கள். இங்கே புறப்படும் இடத்திலிருந்து தெற்கும் தென்கிழக்குமாகப் போகிறீர்கள், காற்றோ தென்கிழக்கிலிருந்து வருகிறது. ஆதலால் தூரத்தை வைத்துப் போடும் கணக்கு இந்த மேட்டில் தவறிப்போகும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாறுங்கள். மாற்றும் அந்த ஒரு நொடி காலின் அழுத்தத்தைத் தளர்த்தவேண்டும். மோட்டாரும் காலும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றினால், சங்கிலி பல்லில் உரசி "கடக்" என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசை கேட்டால் சங்கிலியின் ஆயுள் குறைகிறது என்று பொருள். நிற்கும்போது ஒரு காலைப் பெடலின் மேல் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், சிறிது அழுந்தினாலும் வண்டி முன்னால் பாயும். பிரேக்கைப் பிடித்தபடியே நில்லுங்கள். எங்களுடன் வந்த முதிய வழிகாட்டி ஒவ்வொரு முறை நாங்கள் புறப்படும்போதும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் "தூஸ்மாங், தூஸ்மாங்" என்பார்; மெதுவாக, மெதுவாக என்பது அதன் பொருள்.

இனி வழி. புறப்படும் இடமான லா மாரியிலிருந்து தெற்கே போகும் சாலையில் சற்று நேரத்திலேயே மார் ஓ வாக்கோவா தெரியும். வாக்கோவா என்பது வேறொன்றுமில்லை, நம் தாழைதான். தாழை சூழ்ந்த மடு என்று அந்தப் பெயரைத் தமிழாக்கலாம். ஏறக்குறைய 2 கோடியே 60 இலட்சம் கன மீட்டர் நீரைக் கொள்ளும் இதுவே தீவின் மிகப்பெரிய நீர்த்தேக்கம். மேட்டுநில ஊர்களின் குடிநீர் இங்கிருந்து போகிறது என்பதால் இதில் இறங்கிக் கால் நனைப்பதும் குளிப்பதும் கூடாது. கரையோரம் வழிகாட்டி நிறுத்தும் இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். பனி விலகும்போது எதிர்க்கரையின் பைன் மரங்கள் முதலில் நுனியாகவும் பிறகு முழு மரமாகவும் நீரில் வந்து இறங்கும்.

அங்கிருந்து பெத்ரேன் வரை சாலை காட்டை ஒட்டியே செல்கிறது. மொரிசியசில் வண்டிகள் நம் ஊரைப் போலவே இடப்புறம் செல்லும். எனினும் சாலை குறுகலானது, பேருந்துகள் விரைந்து வரும். ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள், இரண்டு வண்டி நீளம் இடைவெளி விடுங்கள். பெத்ரேனில் 1994ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கருநதிப் பள்ளத்தாக்கு (Black River Gorges) தேசியப் பூங்காவின் வாயில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பத்து என்ற அளவுக்கு அருகிப்போய், அரிய உழைப்பால் மீட்கப்பட்ட இளஞ்சிவப்புப் புறாக்கள் வாழும் இடம் இந்தப் பூங்கா. மார்ச்சுக்குப் பிறகு வந்தால் சாலையோரப் புதர்களில் சீனக் கொய்யா சிவந்து கிடக்கும். கோலிக்குண்டு அளவே இருக்கும் அந்தப் பழத்தை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பது இங்கே சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் வழக்கம். வெளியிலிருந்து வந்து காட்டைக் கவ்விக்கொண்ட செடி அது. எனவே பறிப்பதில் தயக்கம் வேண்டாம், ஆனால் கொட்டையைக் காட்டுக்குள் துப்பாதீர்கள்.

பெத்ரேனிலிருந்து கிழக்கே திரும்பினால் சிறிது தூரத்தில் கங்கா தலாவ். 2007ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட 33 மீட்டர் உயரச் சிவன் சிலை தொலைவிலேயே தெரியத் தொடங்கும். எரிமலையின் வாயில் தேங்கிய இந்த ஏரி முன்பு பரி தலாவ் என்று அழைக்கப்பட்டது. 1972இல் கங்கை நீரைக் கலந்த பிறகு இன்றைய பெயர் நிலைத்தது. கோயில் எல்லைக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தே செல்லுங்கள், காலணியையும் தலைக்கவசத்தையும் கழற்றிவிட்டுப் படித்துறையில் இறங்குங்கள். படியில் அசையாமல் உட்கார்ந்தால், பச்சைக் கருமையான நீருக்குள்ளிருந்து கை பருமனுள்ள விலாங்குமீன் ஒன்று கடைசிப் படிவரை வந்து, மூக்கைக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பிப்போவதைப் பார்க்கலாம். வாழைப்பழத்தை வண்டியின் பையில் திறந்து வைக்காதீர்கள். இங்குள்ள குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கக் கற்றவை. என் சித்தியின் அர்ச்சனைத் தட்டிலிருந்த பழத்தைச் சன்னதிக்குப் போகும் முன்பே ஒரு தாய்க்குரங்கு எடுத்துக்கொண்டது. அவர் கோபிக்கவில்லை, "யாருக்குப் போனா என்ன" என்று கைகூப்பிவிட்டு நடந்தார்.

அதன் பிறகு புவா செரி வரை பெரும்பாலும் இறக்கம். மோட்டாரை அணைத்துவிடலாம். ஆனால் ஈரச்சாலையில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, விட்டு விட்டுச் சிறிது சிறிதாகப் பிடிக்கவேண்டும். ஒரே பிடியாகப் பிடித்தால் டயர் வழுக்கும். யாரேனும் விழுந்து அடிபட்டால் மருத்துவ ஊர்திக்கு 114 என்ற எண்ணை அழைக்கலாம். எண்ணை வழிகாட்டி மட்டுமின்றி நீங்களும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். இருபுறமும் தேயிலைச் செடிகள் இடுப்பளவு உயரத்தில் தோன்றத் தொடங்கும். முழுத் தூரமும் ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்குள் அடங்கும். நின்று நின்று போனால் அரைநாள் ஆகும், அரைநாளையும் அதற்கே கொடுங்கள்.

முடிவிடத்தில் வண்டியை ஒப்படைக்கும்போது, வழியில் கேட்ட ஓசையையோ தளர்ந்த பிரேக்கையோ மறக்காமல் சொல்லிவிடுங்கள், அடுத்த நாள் வேறொருவர் அதில் ஏறப்போகிறார். 1892ஆம் ஆண்டு முதல் தேயிலை விளையும் புவா செரியில் வனிலா மணக்கும் தேநீர் கிடைக்கும். குளிரில் விறைத்த விரல்களைக் கோப்பையைச் சுற்றி வைத்தபடி, அதுவரை வெறும் மேகமாகத் தெரிந்த தெற்குக் கடலை அங்கிருந்தே பார்க்கலாம்.