உள்ளங்கை அளவில் ஒரு மீன்கொத்தி

பறவையைப் பார்த்து நீர்வண்ணத்தில் சின்னதாக வரையப் பழக வேண்டுமா? வெண்தொண்டை மீன்கொத்தியில் தொடங்குங்கள். ஏரிக்கரை மின்கம்பியிலோ மொட்டைப் பனையிலோ நெடுநேரம் அசையாமல் இருக்கும். வெட்டுக்கிளியையோ நண்டையோ கண்டு பாய்ந்தாலும் பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பும்.

காலை ஆறரை மணிக்கு, வெயில் உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். எதிர்வெயிலில் அதன் நீலம் கறுத்துப்போகும். அந்த நீலம் சாயம் அல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறிப் பிறப்பது. 8×42 தொலைநோக்கி (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். 10 மடங்குக் கருவியில் கைநடுக்கமும் கூடித் தெரியும். கரைச்சரிவில் அது வளை குடைந்து அடைகாக்கும் காலமென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குறிப்பேட்டில் முதல் கோடு அலகின் சாய்வு. அதை நீட்டினால் கண் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பது தெரியும். இங்கே பிசகினால் பறவை மீன்கொத்தியாகவே இருக்காது. பிறகு உடலுக்கு ஒரு முட்டை வடிவம். பாதியில் பறந்தால் பக்கத்திலேயே அடுத்த நிலையைத் தொடங்குங்கள். முதல் நிலைக்குத் திரும்பும்போது விட்ட இடத்தில் தொடரலாம். நிறங்களை எழுதியே வையுங்கள்: தலையும் வயிறும் காபிக்கொட்டை, தொண்டையும் மார்பும் வெள்ளை, தோளில் பழுப்பு, அதையடுத்து ஒரு கறுப்புப் பட்டை, பிறகு நீலம்.

பறவை சுமார் 28 செ.மீ. நீளம். கால் பங்காகக் குறைத்தால் 7 செ.மீ.; 10×8 செ.மீ. காகிதத்தில் அடங்கிவிடும். வழவழப்பான ஹாட் பிரஸ்டு பருத்திக் காகிதம், 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). சொரசொரப்பான தாளில் அலகின் விளிம்பு பல்லுப்பல்லாக வரும்.

சின்னப் படத்துக்குச் சின்னத் தூரிகை என்று மூன்று சுழியம் (000) போட்ட மிக மெல்லிய தூரிகையை வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அதில் நிற்கும் துளி வண்ணம் நம் ஊர் வெக்கையில் கோடு முடிவதற்குள் காய்ந்துவிடும். கூர்முனை கொண்ட 1ஆம் எண் தூரிகை போதும். வேலையைச் செய்வது முனை, வண்ணத்தைத் தேக்குவது மயிர்க்கற்றையின் பருத்த நடுப்பகுதியான வயிறு.

முதல் பூச்சு எல்லா இடத்திலும் தண்ணீராக இருக்கட்டும். அலகுக்கு பைரோல் ஸ்கார்லெட் என்ற பளிச்சென்ற சிவப்பு. தலைக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அதில் துளி அல்ட்ராமரின் நீலம். சியன்னாவைத் தனியாகப் போட்டால் செங்கல் நிறம் அடிக்கும். முதுகுக்கு தாலோ டர்க்காய்ஸ் என்ற பச்சைநீலம். இது காகிதத்தைக் கறையாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஒற்றி எடுக்க முடியாது. எனவே வெளிறலாகத் தொடங்குங்கள். பழுப்பும் நீலமும் சந்திக்கும் இடத்தில் முடியளவு வெள்ளை விட்டு, ஒன்று காய்ந்தபின் மற்றதைப் போடுங்கள். ஈரத்தில் கலந்தால் சேற்றுச் சாம்பல்தான் மிஞ்சும்.

அடுத்த பூச்சுகள் பால் பதத்தில். தூரிகையை டிஷ்யூ தாளில் ஒருமுறை தொட்டு ஈரம் குறைத்து, இறகின் போக்கிலேயே சின்னச் சின்ன இழைகளாக இடுங்கள். கீழ்ப்பூச்சு காயாமல் தொட்டால் அது பெயர்ந்து வழுக்கைத் திட்டு விழும். எல்லா இறகையும் எண்ணி வரைந்தால் பறவை பொம்மையாகிவிடும்; சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் பிரித்துக் காட்டுங்கள். கறுப்புக்கு ட்யூப் கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் உயிருள்ள கருமை வரும். தொண்டை வெறும் காகிதம்; அடிவிளிம்பில் மட்டும் நீலச்சாம்பல் நிழல்.

கண்ணில் ஒளிப்புள்ளிக்கு இடம் விட்டே கருமையை வையுங்கள். மூடிவிட்டால் வெள்ளை குவாஷ் (அடியை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) ஒரு பொட்டு, ஊசிமுனையளவு.

மீதித் தாள்களைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். வண்ணம் உடனே ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு ஈரக்காற்றில் கெட்ட தாள், அடுத்த படத்தில் வண்ணத்தை மைஒற்றுத்தாள் போலத் திட்டுத்திட்டாக உறிஞ்சும்.