மெஷ்ஷை ஒருமுறை பாதியாக்கிப் பாருங்கப்பா

பெங்களூரு அல்சூரில் என் அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று தம்பிகள் சிமுலேஷன் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அதாவது, ஒரு பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து (அந்தக் கட்ட வலைதான் மெஷ்), அது எவ்வளவு சூடாகும், எவ்வளவு தாங்கும் என்று கணினியில் கணக்கிடுவது. போன வாரம் ஒருவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, “அண்ணா, ரன் ஆயிடுச்சு!” என்றான். சிவப்பும் நீலமுமாகப் படம் அருமைதான். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் திருப்பிக் காட்டினேன். ஆனால் படம் வந்துவிட்டால் விடை சரி என்று அர்த்தமில்லை; புதிதாக வருபவர்கள் செய்யும் தப்புகளைச் சொல்கிறேன். மில்லிமீட்டரை மீட்டர் என்று போட்டுவிடுவதெல்லாம் பெரும்பாலும் தானாகவே பிடிபடும், அதை விடுங்கள்.

ஒரே மெஷ்ஷில் ஓட்டிவிட்டு நம்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பீன்யாவில் ஒரு சின்ன கம்பெனிக்காக பவர் சப்ளை பெட்டி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டேன். 71 டிகிரி வந்தது. 80-க்குள் இருந்தால் போதும் என்றவர்கள் அதை நம்பி பெட்டிக்கு அச்சு (மோல்டு) செய்யக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி வந்ததும் சென்சார் வைத்துப் பார்த்தால் 84! அச்சுக்குக் கொட்டின காசு போச்சு. அப்புறம்தான் உட்கார்ந்து மெஷ்ஷை, அதாவது ஒவ்வொரு கட்டத்தின் பக்க நீளத்தை, பாதியாக்கினேன்: 80. மறுபடி பாதி: 82.25. வித்தியாசம் முதலில் 9, அடுத்து 2.25, சரியாக நாலில் ஒன்று. இரண்டாம் வரிசை முறை (கட்டத்தைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒன்றாகும் கணக்கு முறை) ஒழுங்காக வேலை செய்தால் இப்படித்தான் சுருங்கும். சுருங்கினால் அந்த 2.25-இல் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டி, 83 பக்கம் போய் நிற்கும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம். ஒரு ராத்திரி வேலை, அதை நான் செய்யவில்லை.

1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ கடல்மேடையின் கான்கிரீட் அடிப்பாகம் மூழ்கியதே, அங்கும் மெஷ் போதாமல் ஷியர் ஸ்ட்ரெஸ்ஸை (பொருளை வெட்டுவதுபோல் உள்ளே வரும் அழுத்தத்தை) 47 சதவீதம் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். என் அச்சு அதன் முன் ஜுஜுபி.

“பாதியாக்கினா ஓடவே மாட்டேங்குதுண்ணா” என்பான் தம்பி. உண்மைதான். முப்பரிமாணத்தில் கட்டங்கள் 8 மடங்கு. எக்ஸ்பிளிசிட் முறையில் (இப்போதைய எண்களை மட்டும் வைத்து அடுத்த கணத்தைக் கணக்கிடுவது) வெப்பம் பரவுவதைக் கணக்கிட்டால், ஒவ்வொரு தடவையும் நேரத்தை நகர்த்தும் படியும் நாலில் ஒன்றாக வேண்டும், இல்லாவிட்டால் எண்கள் வெடித்துச் சிதறும். ஆக 32 மடங்கு வேலை. சரி, அப்படியானால் கட்டத்தின் அளவை இரட்டிப்பாக்கி ஓட்டு, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெரிய கட்டத்துக்கும் உன் கட்டத்துக்கும் விடை எகிறினால், உன் கட்டமும் நம்பத்தக்கதல்ல.

கூரான உள்மூலை

இங்கே மட்டும் மெஷ்ஷை எத்தனை நுணுக்கினாலும் ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டேதான் போகும். நிஜப் பொருளில் இருக்கும் சின்ன வளைவை மாடலிலும் வையுங்கள்.

தசம எண்களுக்கு ‘சமமா?’ சோதனை

பைத்தான் நிரல்மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். சரியாக 0.3 வராது; ‘0.3-க்குச் சமமா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும்.