கறி முயல் வளர்ப்பு: பெண் முயலை விற்கும் முன் ஆண் முயலைத் தூக்கிப் பாருங்கள்

ஜூன் கடைசியில் ஒரு தம்பி வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம், எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி, வீட்டுக்குப் பின்னால் ஒன்பது கூண்டு போட்டு முயல் வளர்க்கிறார். பைக்கின் பின்னால் கட்டியிருந்த கூடையில் இரண்டு வெள்ளைப் பெண் முயல்கள். "அண்ணே, பொட்டை எதுவுமே சினை பிடிக்க மாட்டேங்குது. இருக்கிற ஏழு பொட்டையையும் கறிக்குக் கொடுத்துட்டு வேற வாங்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார்.

ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றரை கிலோ இருக்கும். முதுகெலும்பு கையில் உறுத்தாத உடம்பு, காது சுத்தம், உள்ளங்காலில் ஒரு புண் கிடையாது. இப்படி ஒரு தாய் முயலை உருவாக்க எத்தனை மாதம் ஆகும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அதைக் கறிக்கு என்று சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது. 2016-ல் நானும் இதையே செய்தவன்.

தண்ணீர் வையுங்கள், கூண்டைக் கழுவுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அக்கறையோடு வளர்ப்பவர்களே செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெண் முயல் மலடு என்று முடிவு கட்டுவது

நான் தொடங்கும்போது ஆறு பெண், இரண்டு ஆண். கொடைக்கானல் மேல்மலையில் வளர்த்த ஒருவரிடமிருந்து வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற இரண்டு கறி முயல் இனங்களையும் கலந்து வாங்கினேன். ஐப்பசியில் கொண்டுவந்தேன். தையில் முதல் ஈற்று, ஒவ்வொன்றும் ஆறு ஏழு குட்டி. மாசிக்குள் இந்தத் தொழில் கைவந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கூரை சிமெண்ட் ஷீட். உயரம் ஏழரை அடி. மேற்குப் பக்கம் திறப்பு. சித்திரையில் குட்டிகளைப் பிரித்துவிட்டு ஆறு பெண்ணையும் மறுபடி சேர்த்தேன். எல்லாமே ஒழுங்காக நடந்தது. ஆண் ஏறியது, சின்னதாக ஒரு கத்தல் போட்டுப் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. அப்படி விழுந்தால் சேர்க்கை முடிந்தது என்று அர்த்தம். நாளைக் குறித்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், மூன்று முயல்கள் நெஞ்சு முடியைப் பிடுங்கிக் கூண்டு மூலையில் குவித்து வைத்திருந்தன. முடி பிடுங்கினால் குட்டி போடப்போகிறது என்றுதான் எனக்குத் தெரியும். கணக்குப்படி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று பதறி, ஓடிப்போய்க் குட்டி போடும் பெட்டியைக் கூண்டுக்குள் வைத்தேன். குட்டி வரவில்லை. கருவே கலைந்துவிட்டதோ, போட்ட குட்டியைத் தின்றுவிட்டதோ என்று வலைக்குக் கீழே புழுக்கையைக் கிளறித் தேடினேன். திரும்பச் சேர்த்தேன். திரும்பவும் அதே கதை. ஆடியில் ஐந்து பெண் முயல்களைக் கறிக்கு விற்றுவிட்டேன். ஆறாவதை விற்க என் மகள் விடவில்லை. அழுது அடம்பிடித்து அதன் கூண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணி நடுவில் அந்த ஒன்றை அதே ஆண் முயலோடு மறுபடி சேர்த்தேன். முப்பத்தொன்றாம் நாள் எட்டுக் குட்டி. எட்டும் பிழைத்தன.

விற்ற ஐந்தும் இதே போல ஈன்றிருக்கும் என்பது அந்தப் பெட்டியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நடந்தது இதுதான். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் வெளியே விடும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். பின்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அந்த ஷீட்டுக்கு அடியில் மாட்டினேன். மதியம் மூன்று மணிக்கு 41 காட்டியது. அந்தச் சூட்டில் பல நாள் கிடந்தால் ஆண் முயலின் விந்து கெட்டுவிடும். ஆனால் ஆசை போகாது. நன்றாகத் தின்னும், ஏறும், சரிந்து விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. புது விந்து உருவாகி முதிர்ந்து வர ஏழெட்டு வாரம் ஆகும். அதனால் வைகாசி வெயிலின் கேடு, ஆனியில் காற்றடித்துக் குளிர்ந்த பிறகும் தொடரும். இந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. வெயில்தான் போய்விட்டதே, இன்னும் ஏன் பிடிக்கவில்லை என்று பெண்ணின் மேல் சந்தேகம் திரும்புகிறது.

அந்த முடி பிடுங்கலுக்கும் காரணம் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போல முயலுக்குப் பருவச் சுழற்சி கிடையாது. சேர்க்கை நடந்த பிறகு, சுமார் பத்து மணி நேரத்தில்தான் கருமுட்டையே வெளியே வரும். விந்து சரியில்லை என்றால் முட்டை வெளியே வந்தும் கரு தங்காது. உடம்போ சினை என்றே நினைத்துக்கொள்ளும். இந்தப் பொய்ச்சினை பதினாறு முதல் பதினெட்டு நாள் வரை இருக்கும். முடிவில் முடியைப் பிடுங்கிப் படுக்கை போடும். ஆகவே பதினேழாம் நாள் முடி பிடுங்குகிற பெண் முயலின், முட்டை விடும் சினைப்பை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதைப் போய் மலடு என்கிறோம். ஒரு கொட்டகையில் ஒரே சமயத்தில் ஏழு பெண்ணுமா மலடாகும்? சினை பிடிக்கவில்லை என்றால் யாரைக் கேட்டாலும் முதலில் பெண்ணைத்தான் கைகாட்டுகிறார்கள். ஆண் முயலைத் தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்பவர் அபூர்வம்.

தூக்கிப் பாருங்கள். விரை தொங்கி, தளர்ந்து, சுருங்கிப் போயிருந்தால் வெயில் தாக்கியிருக்கிறது. கெட்டியாக, நிறைவாக இருக்க வேண்டும். அதோடு, சேர்த்த பன்னிரண்டிலிருந்து பதினான்காம் நாளுக்குள் பெண்ணின் அடிவயிற்றைத் தடவிப் பார்க்கப் பழகுங்கள். ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலும் விரல்களும் இருபுறமும் இருக்கும்படி மெதுவாகத் தடவினால், சினையாக இருக்கும்போது கோலிக்குண்டு அளவில் வழுக்கி நகரும் உருண்டைகள் தட்டுப்படும். புழுக்கை இதைவிடச் சின்னது, கெட்டியானது, முதுகுப் பக்கமாக இருக்கும். அழுத்தக் கூடாது.

அப்புறம் நான் மாற்றியவை. ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பினேன். மேற்கே சாக்குக் கட்டி மதியத்தில் நனைத்து விடுகிறேன். ஆண் முயல்களின் கூண்டைப் பங்குனியிலேயே வேப்பமரத்தடிக்கு மாற்றிவிடுவேன். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மதியம் கூண்டுக்குள் போட்டால் அதன் மேல் சாய்ந்தே படுத்துக்கிடக்கும். சித்திரை, வைகாசியில் சேர்ப்பதில்லை. அவசியம் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான். மாசியில் பிறந்த ஒரு நல்ல ஆண் குட்டியை நிழலில் தனியாக வளர்த்து வைத்திருப்பேன். ஆவணியில் அது தயாராகிவிடும். பழைய ஆண் தேற நாளானாலும் வேலை நிற்காது.

அந்தத் தம்பியிடம் ஒன்றுதான் சொன்னேன். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோ, ஏழில் எதையும் விற்காதே, ஆணை மரத்தடிக்கு மாற்று, ஆகஸ்ட் 15 வரை சேர்க்காதே.

ஆண் முயலைப் பெண்ணின் கூண்டுக்குள் விடுவது

பெண் முயல் ஆணைக் கடித்துக் குதறிவிடும். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாய் பால் கொடுக்கவில்லை என்று பதறுவது

தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பெட்டிக்குள் போகும். அதுவும் பெரும்பாலும் இருட்டில், மூன்று நான்கு நிமிடம். மற்ற நேரமெல்லாம் பெட்டிப் பக்கமே திரும்பாது. குட்டிகள் மேல் படுத்துச் சூடு கொடுக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. இது தெரியாமல் பசும்பாலை நிரப்பியில் எடுத்துக் குட்டிக்கு ஊட்டி, மூச்சுக்குழாயில் போய் மொத்த ஈற்றையும் இழந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். காலையில் பெட்டியைத் திறந்து வயிற்றை மட்டும் பாருங்கள். தோல் வழியே பால் வெள்ளையாகத் தெரியும்படி உருண்டையாக இருந்தால் மூடிவிடுங்கள். தோல் சுருங்கி, வயிறு ஒட்டியிருந்தால் மட்டும், தாயைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து ஐந்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். அதுவரை தேவையில்லாமல் கையை விடாதீர்கள்.

இலவசமாகக் கிடைக்கும் முட்டைக்கோஸ்

எங்கள் ஊர் மார்க்கெட்டில் கோஸ் மட்டை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தாயைப் பிரித்து ஒரு வாரமான குட்டிகளுக்கு ஒருநாள் அதை அள்ளிப் போட்டேன். இரண்டு இரவில் பதினொன்று வயிறு உப்பிச் செத்தன. முயலின் குடல் திடீர் மாற்றத்தைத் தாங்காது, குட்டிகளுக்கு இன்னும் மோசம். எந்தப் புதுத் தீவனமானாலும் ஒரு கைப்பிடியில் தொடங்கி ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கூட்டுங்கள். வேலிமசாலோ அகத்தியோ எந்தப் பசுந்தீவனமானாலும் காலையில் அறுத்ததைப் பனி ஈரம் போக வாட்டி மாலையில் போடுவது நல்லது.

புழுக்கையைத் தானே தின்கிறதே

நோய் இல்லை. மென்மையான அந்தப் புழுக்கையில் சத்து இருக்கிறது. தின்னட்டும்.

ஒரே வயிற்றுக் குட்டிகளை யூனிட்டாக வாங்குவது

ஏழு பெண், மூன்று ஆண் சேர்ந்தது ஒரு யூனிட் என்று விற்பார்கள். பத்தும் ஒரே நிறம், ஒரே அளவு என்றால் அண்ணன் தங்கைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆண்களையாவது வேறு இடத்தில் வாங்குங்கள். மூன்று மாதக் குட்டிகளை வாங்கினால் ஐந்தாறு மாதம் ஆகும்வரை சேர்க்காதீர்கள்.

திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்பவர்கள்

கூண்டும் முயலும் நாங்கள் தருகிறோம், குட்டிகளை நல்ல விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். 2012-ல் ஈமு கோழியில் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பம் பணத்தைத் தொலைத்தது என்பது கொங்கு நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. என் சொந்தக்காரர் ஒருவர் முயலில் இதே போல மாட்டினார். முதல் இரண்டு தடவை வண்டி வந்தது, மூன்றாம் தடவை போனையே எடுக்கவில்லை. குட்டிக்காகக் குட்டி வாங்கும் வியாபாரம், புதிதாகச் சேர ஆள் இருக்கும்வரைதான் ஓடும். உங்கள் ஊரில் எத்தனை பேர் முயல் கறி தின்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பத்து வீடு வாங்கும் என்றால் மூன்று தாய் முயல் போதும்.

யார் அறுப்பது?

வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு கிலோ உயிர் எடைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கறி நிற்கும். பிள்ளைகள் பெயர் வைத்த முயலைத் தாயாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டு முயல்

அது வேறு இனம், இதோடு சேராது. பிடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தேதி எழுதாமல் விடுவது

நினைவில் இருக்கும் என்று நினைப்போம், இருக்காது. முப்பத்தொன்றாம் நாள் பெட்டி இல்லாவிட்டால் குட்டிகள் வலைக்கம்பியிலேயே விழும். உடம்பில் முடியே இல்லாத குட்டி, விடிவதற்குள் விறைத்துவிடும். கூண்டுக் கதவில் ஓர் அட்டையைக் கட்டி, சேர்த்த நாள், தடவிப் பார்க்கும் நாள், பெட்டி வைக்கும் நாள் மூன்றையும் சேர்த்த அன்றே எழுதிவிடுங்கள். பெட்டி வைப்பது இருபத்தெட்டாம் நாள். அதற்கு ரொம்ப முன்னால் வைத்தால் அதையே கக்கூஸ் ஆக்கிவிடும்.

அந்தத் தம்பி ஆகஸ்ட் 20-ம் தேதி சேர்த்தார். பதிமூன்றாம் நாள் நானே போய்த் தடவிப் பார்த்தேன். ஏழில் ஐந்து சினை. வருகிற வியாழக்கிழமை இருபத்தெட்டாம் நாள். பழைய பலகையில் ஐந்து பெட்டி அடித்து வைத்துவிட்டாராம். உள்ளே போடத் தேங்காய் நார் ஒரு சாக்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.