அறுபதுக்கு மேல் செஸ்னா 172 சிறு விமானம் ஓட்டும் பெண்களுக்கு: ஏறும் முன் பார்க்க வேண்டியவை

தனியார் விமானி உரிமத்துக்கு உச்ச வயது வரம்பு இல்லை. விமானத் துறையை நெறிப்படுத்தும் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரின் தகுதிச் சான்றும், குறைந்தது 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். அதில் 10 மணி தனியாக. பி.பி. மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சளி மாத்திரை போட்ட நாளில் பறக்காதீர்கள், கண் சொக்கும்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி புத்தகம் படிக்கும் தூரத்துக்குச் செய்தது. கருவிப் பலகை அதைவிடத் தள்ளி இருக்கும். இருக்கையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து பலகை வரை அளந்து, அந்த அளவைக் கண்ணாடிக் கடையில் சொல்லுங்கள். மாற்றுக் கண்ணாடி கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

1936-ல் இந்தியப் பெண் விமானி சரளா தக்ரால் சேலையோடு தனியாகப் பறந்தார். நமக்குச் சுடிதாரே உத்தமம். கொசுவம் ரட்டர் பெடலில் (மூக்கை இடம் வலம் திருப்பும் கால் மிதியில்) சிக்கும்.

இருக்கையை முன்னே இழுத்ததும் பூட்டு விழுந்ததா என்று முன்னும் பின்னும் குலுக்கிப் பாருங்கள். சரியாக விழாவிட்டால், மேலெழும்போது இருக்கை பின்னால் வழுக்கும். பிடித்திருக்கும் கை யோக்கையும் (விமானத்தை ஓட்டும் கைப்பிடியையும்) சேர்த்து இழுக்கும், மூக்கு தூக்கி விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும். குள்ளமானவர்கள் முதுகுக்குத் தலையணை வைத்து, இரண்டு பெடலும் கடைசி வரை எட்டுகிறதா என்று மிதித்துப் பாருங்கள்.

எரிபொருள் முள்ளை நம்பாமல் டாங்கில் அளவுகோல் விட்டுப் பாருங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். அடியில் வடிக்கும் பெட்ரோல் நீலமாக, தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர் கனம், குப்பியின் அடியில் தங்கும். அரைகுறையாக நிரம்பிய டாங்கில் இரவுக் குளிருக்கு ஈரம் படியும் என்பதால், மாலையிலேயே நிரப்பி வைப்பது நல்லது. வடிக்க வடிக்கத் தண்ணீரே வந்தால் அன்று பறக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய சிக்கல் வெயில். ஓசூர் சுமார் 3000 அடி உயரம். அந்த உயரத்துக்கு இயல்பு வெப்பம் 9 டிகிரி என்பது விமானக் கணக்கு. 35 டிகிரி அடித்தால், கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடியை அந்த 3000-த்தோடு கூட்டுங்கள்: சூட்டில் காற்று மெலிவதால், விமானத்துக்கு அது 6100 அடிக்கு மேல் இருப்பதுபோல். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். மெல்லிய காற்றில் தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதுபோல் தெரிவதால் பலர் சீக்கிரமே யோக்கை இழுத்துவிடுகிறார்கள். கண்ணை நம்பாதீர்கள், வேகமானி 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) காட்டட்டும். ஓடத் தொடங்குமுன், முழு திராட்டிலில் (எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து), எரிபொருள்-காற்றுக் கலவைக்கான சிவப்புக் குமிழை மெல்ல இழுத்து, ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) உச்சம் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். சித்திரையில் காலை ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள்.

ஓசூர் பேளகொண்டப்பள்ளி ஓடுதளம் தனியாருடையது. முன் அனுமதி வாங்காமல் திட்டம் போடாதீர்கள்.