டாவின்சி ரிசால்வில் கருப்பு வெளிறுதா? டேட்டா லெவல்ஸைச் சரிசெய்வது எப்படி

ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்த வீடியோ, எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வுக்குள் வந்ததும் கருப்பெல்லாம் சாம்பல் பூத்துப் போகிறது. அல்லது நிழல் பகுதி மொத்தமும் கும்மிருட்டாகிறது. உடனே கலர் வீல்களைத் திருகத் தொடங்காதீர்கள். ஃபைலில் உள்ள எண்களை ரிசால்வ் எந்த அளவுகோலில் படிக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

8 பிட் வீடியோவில் கருப்பு முதல் வெள்ளை வரை 16–235 என்று எழுதினால் அது லிமிடெட் ரேஞ்ச். 0–255 என்று எழுதினால் ஃபுல் ரேஞ்ச். டிவி, யூடியூப் எல்லாம் லிமிடெட்டில்தான் ஓடுகின்றன. கோப்ரோவும் பல ஆண்ட்ராய்டு போன்களும் ஃபுல்லில் எழுதுகின்றன. எந்த ரேஞ்ச் என்ற குறிப்பு ஃபைலுக்குள்ளேயே இருக்கும். அது இல்லாவிட்டாலோ தவறாக இருந்தாலோதான் சிக்கல்.

படி 1: சோதனை கிளிப்

பெயின்ட்டில் நான்கு பட்டைகள் வரையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண் கொடுங்கள்: முதல் பட்டைக்கு 0, அடுத்ததற்கு 10, பிறகு 245, கடைசியில் 255. அதை முழுத்திரையில் வைத்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே செட்டிங்கில் பத்து விநாடி ரெக்கார்ட் செய்யுங்கள். 0-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். நமக்கு அதுதான் வேண்டும்.

படி 2: ஃபைல் என்ன சொல்கிறது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, ட்ரீ வியூவில் 'கலர் ரேஞ்ச்', 'மேட்ரிக்ஸ் கோஎஃபிஷியன்ட்ஸ்' (நிறங்களை வீடியோ எண்களாக மாற்றும் சூத்திரம்) ஆகிய இரண்டு வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வரியே இல்லை என்றால் ஃபைலில் குறிப்பு இல்லை என்று அர்த்தம்.

படி 3: வேவ்ஃபார்மில் பாருங்கள்

கிளிப்பை டைம்லைனில் போட்டு, கலர் பேஜில் ஸ்கோப்ஸைத் திறந்து, வேவ்ஃபார்மை (படத்தின் பிரகாச அளவைக் காட்டும் வரைபடம்) தேர்ந்தெடுங்கள். அளவு 0 முதல் 1023 வரை இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் நான்கு கோடுகள் தனித்தனியாக நிற்கும்: 0, சுமார் 40, சுமார் 983, 1023.

கருப்பு 64-லும் வெள்ளை 940-லும் நின்றால், லிமிடெட் ஃபைலை ரிசால்வ் ஃபுல் என்று படிக்கிறது. வெளிறிப்போன தோற்றத்துக்கு இதுதான் காரணம். இதற்கு நேர்மாறாக, 0-வும் 10-ம் அடியில் ஒரே கோடாக ஒட்டிக்கொண்டு, 245-ம் 255-ம் மேலே ஒட்டிக்கொண்டால், ஃபுல் ஃபைலை லிமிடெட் என்று படிக்கிறது. 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் கருப்பு என்று எடுத்துக்கொள்வதால் 10 காணாமல் போகிறது.

வீடியோ பிளேயரில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் வீடியோவுக்கென்றே தனி டைனமிக் ரேஞ்ச் செட்டிங் உண்டு. அது மாறியிருந்தால் நல்ல ஃபைலும் வெளிறித் தெரியும்.

படி 4: மாற்றுங்கள்

மீடியா பூலில் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து கிளிப் ஆட்ரிபியூட்ஸ் திறங்கள். வீடியோ டேபில் 'டேட்டா லெவல்ஸ்' இருக்கும். அதில் ஆட்டோ, வீடியோ, ஃபுல் என்று மூன்று தேர்வுகள். 'வீடியோ' என்பதுதான் லிமிடெட். 64–940 பிரச்சினைக்கு 'வீடியோ'வும், ஒட்டிக்கொண்ட கோடுகளுக்கு 'ஃபுல்'லும் கொடுங்கள். ஒரே கேமராவில் எடுத்த பல கிளிப்புகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றலாம். ஆனால் போன் கிளிப்பையும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கையும் ஒன்றாகப் பிடித்து மாற்றிவிடாதீர்கள்.

முன்பே கான்ட்ராஸ்ட் கூட்டிச் சமாளித்திருந்தால் அந்த கிரேடை (நிறத் திருத்தத்தை) ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழுந்து, படம் முன்னைவிடக் கெட்டுப்போகும்.

சாம்பல் சரி, சிவப்பு மட்டும் தவறா?

அது ரேஞ்ச் பிரச்சினை அல்ல, மேட்ரிக்ஸ் பிரச்சினை. பழைய எஸ்டி வீடியோவுக்கான ரெக். 601 மேட்ரிக்ஸில் எழுதியதை எச்டிக்கான ரெக். 709 என்று படித்தால் கருப்பு, வெள்ளை, சாம்பல் எதுவும் அசையாது. சிவப்பு, பச்சை போன்ற நிறங்கள் மட்டும் இடம் மாறும். நமது நான்கு பட்டைச் சோதனையில் இது சிக்காது. அதனால்தான் மீடியாஇன்ஃபோவில் மேட்ரிக்ஸ் வரியையும் பார்க்கச் சொன்னது.

ஓபிஎஸ்ஸில் என்ன வைப்பது?

செட்டிங்ஸ் > அட்வான்ஸ்ட் > வீடியோ பகுதியில் கலர் ஃபார்மட் என்வி12, கலர் ஸ்பேஸ் ரெக். 709, கலர் ரேஞ்ச் லிமிடெட். ஃபுல் என்றால் தரம் கூடும் என்று பலர் மாற்றிவைக்கிறார்கள். கிடைக்கும் கூடுதல் படிநிலைகள் சொற்பம், வரும் தலைவலி அதிகம்.

எக்ஸ்போர்ட்

டெலிவர் பேஜில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸுக்குள் இன்னொரு டேட்டா லெவல்ஸ் இருக்கிறது. கிளிப்புக்கு ஃபுல் கொடுத்ததால் இங்கேயும் ஃபுல் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அது படிப்பதற்கு, இது எழுதுவதற்கு. யூடியூபுக்கு எச்.264-ல் ஏற்றும்போது ஆட்டோவில் விடுங்கள். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை மீண்டும் ரிசால்வுக்குள் இழுத்துப் போட்டு, அதே நான்கு கோடுகளும் கிட்டத்தட்ட அதே இடங்களில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்லோட் செய்யுங்கள்.